இருபத்து மூன்று சாவிகள்

கானாடுகாத்தானில் என் வேலை
இருபத்து மூன்று சாவிகளைக் காப்பது.
பித்தளைத் தகட்டில் எண், எண்ணுக்குப் பின்னால் கட்டில்,
கட்டிலுக்கு எதிரே பெல்ஜியம் கண்ணாடி.
ஏசி உறுமுகிறது என்பார்கள். பல்லி என்பார்கள்.
மயில் ஏன் இவ்வளவு காலையில் கத்துகிறது என்று கேட்டார் ஒருவர்.
சொல்லி வைக்கிறேன் என்றேன்.

மாசிக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு.
ஓட்டல் வேன் ஓட்டும் அந்துவானும் நானும்
பிரான்மலைக்குப் போனோம், பின்பக்கமாக.
கோயில் பக்கம் படி உண்டு, பல்பு உண்டு, டீ உண்டு.
இந்தப் பக்கம் வனக்காவலர் வெள்ளைக்கண்ணு மட்டும்.
நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்.
"எந்த எடத்துல தங்கணும்?"
"எடமா? மல கெடக்கே."
பிறகு என்ன நினைத்தாரோ,
பையைத் துழாவித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.
சருகு காலம்.

பத்து லிட்டர் தண்ணீர் தோளை அறுத்தது.
உங்கள் அறை இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று
வருஷம் முழுக்கக் கை நீட்டுகிறவன்
எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.
ஓரிடம் சரிவு. ஓரிடம் எறும்பு.
வீரை மரத்தடி நன்றாயிருந்தது,
ஆனால் புல் வட்டமாய் அமுங்கி
ஓரத்தில் ஈரம் காயாத மான் புழுக்கை.
"ரூம்ல ஆள் இருக்கு" என்றான் அந்துவான்.

கடைசியில் ஒரு பாறைத் தட்டு.
கூடாரத்தின் முளை இறங்கவில்லை.
ஒன்று வளைந்தது, ஒன்று தெறித்துப் பள்ளத்தில் விழுந்த சத்தம்
வெகுநேரம் கழித்துக் கேட்டது.
கூடாரத்தையே விரித்துப் படுத்தோம்.
ரவை, வாணலி, பச்சைமிளகாய், கால் லிட்டர் எண்ணெய்
எல்லாம் சுமந்து வந்திருந்தோம், நெருப்பைத் தவிர.
பொரிகடலையும் பச்சை வெங்காயமும் தின்றோம்.
இருட்டும் முன் நான் கரண்டியோடு தனியே போய்
முழங்கை ஆழம் குழி தோண்டிக் குந்தினேன்.
வெந்நீர் வரவில்லை என்று என்னைத் திட்டிய அத்தனை பேரும்
அந்த நேரத்தில்தானா நினைவுக்கு வரவேண்டும்?

கிழக்கே, காரைக்குடி இருக்கும் திசையில்
வானத்தின் அடியில் மஞ்சள் கறை.
மற்றபடி நட்சத்திரம், காற்று,
கீழே எங்கோ சுள்ளி முறியும் ஓசை.
தூங்கிவிட்டான் என்று நினைத்தபோது சொன்னான்:
"ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான்டா கால நீட்டிப் படுக்குறேன்.
வேன் சீட்டு நாலடிதான்."

டிரைவருக்கு அறை கிடையாது. விதி.
சித்திரை வெயிலில் பதினேழு அறைகள் சும்மா கிடக்கும்.
சாவிகள் என் முதுகுக்குப் பின்னால் தொங்கும்.
தினமும் எண்ணுவேன்.
அவனை எண்ணியதில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
தண்ணீர் வேணுமா என்று கேட்டேன்.

விடியலில் பார்த்தால் என் இடது செருப்பில் பாதி இல்லை.
பக்கத்தில் கறுப்பும் வெளுப்புமாய் ஒரு முள்.
அவனுடையது தப்பித்தது:
வேனில் பழகியவன், தலைக்கடியில் வைத்திருந்தான்.
"கொடிக்குத் தேர் குடுத்த மல" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.
"நீ முள்ளம்பன்னிக்குச் செருப்பு குடுத்திருக்க."
வளைந்த முளையைப் பொறுக்கினோம், வெங்காயச் சருகைப் பொறுக்கினோம்.
அடியில் இரண்டு ஆள் அகலத்துக்குப் பாறை
பனி படாமல் உலர்ந்திருந்தது.
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது
மற்ற பாறையோடு சேர்ந்துகொண்டது.

வெள்ளைக்கண்ணு என் காலைப் பார்த்தார்.
"உப்புக்குக் கடிக்கும். வேர்வ ஊறுனதுன்னா விடாது."
தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.
இரண்டு குச்சி குறைந்திருந்தது.

மேனேஜரிடம் கேட்டேன்.
சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.
திங்கள் இரவு பதினொன்றரைக்குப்
பத்தொன்பதாம் சாவியை ஆணியிலிருந்து எடுத்து
வேன் கண்ணாடியைத் தட்டினேன்.
தூக்கத்திலேயே அவன் கை
முதலில் செருப்பைத் தேடியது.